முடியளவும் கோணாமல் இரும்பு தேய்க்கலாம்!

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பால் மரத்தில் ஒரு தடவை சீவும் பட்டை சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் பட்டை வீண். ஆழத்திலும் ஒரு மில்லிமீட்டர் தோல் மிச்சம் வைக்காமல் உளி இறங்கிவிட்டால் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் ஏச்சு. விடியாத இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு நம் தாய்மார்கள் ஒரு காலைப் பொழுதில் நூற்றுக்கணக்கான மரங்களில் இந்தக் கணக்கைப் பார்த்தார்கள். அளவுகோல் எதுவும் கையில் இல்லை. கைதான் அளவுகோல்.

இந்த வேலைக்குப் பேராக் மாநிலம் தாய்வீடுகளில் ஒன்று. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்திறங்கிய ரப்பர் கன்றுகளில் ஒன்பது கோலகங்சாருக்குக் கொண்டுவரப்பட்டு நடப்பட்டன. அவற்றில் ஒரு மரத்தை இன்றும் அவ்வூரில் பார்க்கலாம். ஆனால் தோட்டங்களில் பல இன்று செம்பனைக் காடாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்டன. லயத்தில் பிறந்த பிள்ளைகள் ஈப்போ, புந்தோங், மெங்லெம்பு, சுங்கை சிப்புட் என்று பட்டணப் பக்கம் வந்து, வெல்டிங், லேத், மோட்டார் பட்டறை என்று இரும்போடு மல்லுக்கட்டுகிறார்கள். அவர்களில் சிலர் வேலை முடிந்து வந்த பிறகு வீட்டுப் பின்கட்டில் ஒரு பெல்ட் கிரைண்டரை வைத்துக்கொண்டு, லாரி ஸ்பிரிங் பட்டையிலும் பழைய ரம்பத் தகட்டிலும் கத்தி, பாராங், உளி என்று செய்து நாலு காசு பார்க்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. அவர்களுடைய வீட்டாரும் படிக்க வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

கை ஏன் தோற்கிறது?

பெல்ட் கிரைண்டரைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. தையல் இயந்திரத்தின் வார் சக்கரத்தைச் சுற்றி ஓடுகிறதல்லவா, அதைப்போல எமரி ஒட்டிய இரண்டு அங்குல அகலப் பட்டை ஒன்று இரண்டு மூன்று சக்கரங்களைச் சுற்றி ஓடுகிறது. கத்தி செய்பவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் பெல்ட்டின் நீளம் 72 அங்குலம், அதாவது 1.83 மீட்டர். மோட்டார் நிமிடத்துக்கு 1,400 சுற்று சுற்றி, அதில் பூட்டிய சக்கரம் 150 மில்லிமீட்டர் விட்டமும் இருந்தால், பெல்ட் வினாடிக்கு 11 மீட்டர் ஓடும். வினாடிக்கு ஆறு முறை முழுப் பெல்ட்டும் இரும்பின் முன்னால் வந்து போகிறது என்று அர்த்தம். அரத்தால் அரை மணி நேரம் ராவ வேண்டியதை அரை நிமிடத்தில் தின்றுவிடும்.

அந்த வேகம்தான் வம்பு. இரும்பைக் கையில் பிடித்து அழுத்தும்போது ஒரு பக்கம் அழுத்தம் கூடும், ஒரு பக்கம் குறையும். ஓரம் பெல்ட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் கொஞ்சம் அதிகமாகத் தேயும். பளபளவென்று வரும், பார்த்தால் கண்ணாடி போல இருக்கும். அதைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நடுவில் மேடும் இரு முனையில் சரிவும் தெரியும்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். கத்தியின் காம்புப் பகுதி சமமாக இல்லாவிட்டால் இரு பக்கமும் ஒட்டும் பிடிக்கட்டை முழுதாகப் படியாது. முடி நுழையும் இடைவெளி போதும். மீன் கழுவிய நீர் உள்ளே போகும், துரு பிடிக்கும், சில மாதத்தில் பிடி ஆடும். வாங்கியவர் கத்தியைக் கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்பார். தச்சு உளியின் முதுகு சமமாக இல்லாவிட்டால் எத்தனை கல்லில் தீட்டினாலும் கூர் நிற்காது. இயந்திரத்துக்கு அடியில் வைக்கும் பேக்கிங் தகடு ஒரு மூலையில் மெலிந்திருந்தால் பட்டறை முதலாளி அதை வாங்கவே மாட்டார்.

இதற்கென்றே சர்பேஸ் கிரைண்டர் என்ற இயந்திரம் இருக்கிறது. காந்த மேசையில் இரும்பை ஒட்டிவைத்தால், மேசை முன்னும் பின்னும் ஓட, மேலே சாணைச் சக்கரம் நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் இறங்கித் தேய்க்கும். 1969-இல் நாட்டின் முதல் பொலிடெக்னிக்காக ஈப்போவில் தொடங்கிய உங்கு ஒமார் பொலிடெக்னிக் போன்ற இடங்களில் படித்த பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. ஆனால் அதன் விலை, நூற்றுக்கணக்கான கிலோ எடை, அதைத் தாங்கும் தரை, பெரும்பாலும் மூன்று பேஸ் மின்சாரம் என்று கணக்குப் போட்டால், பின்கட்டில் தொழில் செய்பவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆனால் அந்த இயந்திரத்தின் சூட்சுமம் அதன் எடையில் மட்டும் இல்லை. கொத்தனார் சிமெண்டுத் தரையை எப்படி மட்டமாக்குகிறார்? இரு பக்கமும் நேரான சட்டம் வைத்து, அதன்மேல் மட்டப்பலகையை இழுக்கிறார். பலகை நேர், அது போகும் வழியும் நேர். தரை தானாக மட்டமாகிறது. அவருடைய கைவலிமைக்கு அதில் வேலையே இல்லை. பெல்ட் கிரைண்டரின் முன்சக்கரம் இரும்பைத் தொடும் இடமும் ஒரு நேர்கோடுதான். அந்தக் கோட்டைத் தாண்டி இரும்பை ஒரே நேர்வழியில் நடத்திவிட்டால் போதும், சமதளம் கிடைத்துவிடும். வீட்டிலேயே செய்யக்கூடிய துணைக்கருவி செய்வது இவ்வளவுதான்.

கருவியைக் கட்டும் விதம்

முதலில் வழி. கம்ப்யூட்டரில் ஓடும் இயந்திரங்களில் லீனியர் ரயில் என்று ஒரு சிறு தண்டவாளம் இருக்கும். எஃகில் செய்த நேர்ச்சட்டம், அதன்மேல் குண்டு பேரிங் வைத்த கட்டை ஆட்டமின்றி வழுக்கி ஓடும். 20 மில்லிமீட்டர் அளவு ரயில், நானூறு ஐந்நூறு மில்லிமீட்டர் நீளத்தில், இரண்டு கட்டைகளோடு வேண்டும். புதிதாக வாங்கலாம், கழித்துப்போட்ட இயந்திரத்திலிருந்து கழற்றியதும் ஆகும். ஈயத்தால் வாழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கில் பழைய இரும்புக்குப் பஞ்சமில்லை. தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை ஓடிய ஈயம் வாரும் மிதவைக் கப்பல் மட்டுமே 4,500 டன்! அத்தகைய சுரங்கங்களுக்கு உழைத்த பட்டறைகளின் வாசனை இன்னும் ஈப்போவில் முழுதாகப் போய்விடவில்லை. பழைய ரயிலை வாங்கும்போது கட்டையை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். எங்காவது சொரசொரத்தாலும் பக்கவாட்டில் ஆடினாலும் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

ரயிலைத் தடித்த இரும்புத் தகட்டில் பூட்டி, முன்சக்கரத்துக்கு எதிரே செங்குத்தாக நிறுத்துகிறோம். வண்டி மேலும் கீழும் போகும். தகட்டின் அடிப்பகுதியில் ஒரு கீல். கதவுக்குப் போடும் கீல் உதவாது. இரண்டு பேரிங்கில் இறுக்கமாக உட்கார்ந்த தேய்த்த எஃகுக் கம்பி வேண்டும். அந்தக் கம்பி முன்சக்கரத்தின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. மேல்முனையில் ஒரு திருகாணி தகட்டைச் சக்கரத்தை நோக்கித் தள்ளும். எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் அதைத் திருகாணியோடு ஒட்டிப் பிடித்திருக்கும். ஸ்பிரிங் இல்லாவிட்டால் மரையில் உள்ள ஆட்டம் முழுதும் இரும்பில் அலையாக விழும்.

இங்கே ஒரு அழகான கணக்கு இருக்கிறது. காண்டா கம்பு தூக்கியவர்களுக்குச் சட்டென்று விளங்கும். கீலிலிருந்து சக்கரம் தொடும் இடம் 200 மில்லிமீட்டர் உயரத்திலும் திருகாணி 400 மில்லிமீட்டர் உயரத்திலும் இருந்தால், திருகாணி ஒரு மில்லிமீட்டர் தள்ளும்போது இரும்பு அரை மில்லிமீட்டர்தான் நகரும். மரை இடைவெளி ஒரு மில்லிமீட்டர் உள்ள திருகாணியைப் போட்டு, அதன் தலையில் 25 கோடு கீறிய வட்டத்தகட்டை மாட்டினால், ஒரு கோடு திருப்புவதற்கு இரும்பு 0.02 மில்லிமீட்டர் முன்னேறும். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர். முடியில் பாதிக்கும் குறைவான அளவை ஒரு திருகாணியும் ஒரு கீலும் கொடுத்துவிடுகின்றன!

கீலில் சாய்ந்தால் ரயிலும் சாயுமே, பிறகு எப்படிச் சமதளம் வரும் என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. ரயில் சாய்ந்தாலும் வண்டி அதே ரயிலில்தான் நேராக ஓடுகிறது. காந்தத் தகடு ரயிலுக்கு இணையாக இருக்கும்வரை சாய்வால் கெடுதல் இல்லை.

இனி இரும்பைப் பிடித்துவைக்கும் காந்தத் தகடு. கடையில் தயாராகக் கிடைக்கும் சிறிய காந்த மேசையை வாங்கி வண்டியில் பூட்டுவது எளிது. சொந்தமாகச் செய்வதானால் 1980களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உருவான நியோடிமியம் காந்தத்தைப் பயன்படுத்தலாம். அலுமினிய அடித்தளத்தின்மேல் இரும்புப் பட்டைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு இரண்டு பட்டைக்கும் நடுவில் காந்தக் கட்டிகளைச் செருக வேண்டும். ஒரு பட்டையின் இரு பக்கத்திலும் ஒரே துருவம் பார்க்க வேண்டும். அடுத்த பட்டையில் மற்றத் துருவம். பட்டைகள் கத்தியின் நீளத்துக்குக் குறுக்கே இருந்தால் கத்தி பல துருவங்களைத் தொட்டு நன்றாக ஒட்டும். காந்தக் கட்டிகள் மேல்மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாழ இருக்கட்டும். அந்தப் பள்ளத்தை எப்பாக்ஸி பசையால் நிரப்பிவிடுங்கள். இரும்புத் தகடு ஒன்றை முழுதாக மேலே மூடிவிட்டால் பார்க்க அழகாயிருக்கும், ஆனால் காந்த சக்தி அந்தத் தகட்டுக்குள்ளேயே சுற்றிவிட்டு இரும்பைப் பிடிக்காது.

தகட்டின் கீழ்முனையில் ஒரு சிறு தடுப்பு வேண்டும். தேய்க்கும் இரும்பைவிட மெல்லியதாக இருக்கட்டும். பெல்ட் கீழ்நோக்கி ஓடுகிறது. அது இரும்பை இழுத்து எறியாமல் காப்பது காந்தத்தைவிட அந்தத் தடுப்புதான். வண்டி மேலேயும் கீழேயும் ரயிலை விட்டுக் கழன்றுவிடாதபடி இரண்டு முனையிலும் போல்ட் போட்டு நிறுத்துங்கள். வண்டியின் எடை கையை அசத்தாமல் இருக்க, மேலே ஒரு இழுப்பு ஸ்பிரிங்கை மாட்டலாம்.

எல்லாம் பூட்டிய பிறகுதான் இந்தக் கருவியின் மிக முக்கியமான வேலை. காந்தத் தகட்டின் முகத்தை அதே பெல்ட்டால் தேய்த்துச் சமமாக்க வேண்டும். முகம் முழுவதும் மார்க்கர் மையால் கோடு போட்டுவிட்டு, ஒரு கோடு, ஒரு கோடாகத் திருகி, வண்டியை மெல்ல ஏற்றி இறக்குங்கள். மை கடைசிப் புள்ளிவரை அழியும்போது தகடு சக்கரத்தின் கோட்டுக்கும் ரயிலின் வழிக்கும் இணையாகிவிட்டது. அதற்கு மேல் எந்தப் போல்ட்டையும் தளர்த்தாதீர்கள். தளர்த்தினால் மறுபடி தேய்க்கத்தான் வேண்டும். காந்தக் கட்டியில் மட்டும் பெல்ட் படக் கூடாது. அதன் தூள் எளிதில் தீப்பற்றும்.

முன்சக்கரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான சக்கரங்களுக்கு மேலே ரப்பர் பூச்சு இருக்கும். நம்முடைய ரப்பர்தான், ஆனால் இந்த வேலைக்கு மெதுவான ரப்பர் எதிரி. இரும்பின் முனை சக்கரத்தை விட்டு விலகும்போது, அழுங்கியிருந்த ரப்பர் எழும்பி முனையைக் கூடுதலாகத் தின்றுவிடும். கெட்டியான ரப்பர், அல்லது பூச்சில்லாத உலோகச் சக்கரம் நல்லது. இன்னொரு வழியும் உண்டு: கத்தியின் வடிவத்தை வெட்டுவதற்கு முன்பே, பட்டையாக நீளம் விட்டுத் தேய்த்துக்கொண்டால் சரிந்த முனைகளைப் பிறகு வெட்டி எறிந்துவிடலாம்.

காந்தம் சொல்லும் பொய்

கருவி கையில் வந்தவுடன் எல்லாரும் ஏமாறுவது ஓரிடத்தில். சூடேற்றி எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கிய மெல்லிய தகடு பெரும்பாலும் கொஞ்சம் வளைந்துதான் வரும். அதைக் காந்தத்தில் வைத்தால், காந்தம் அதை இழுத்து நேராக்கிப் படுக்கவைத்துவிடும். நீங்கள் தேய்க்கிறீர்கள்; முகம் முழுதும் பளிச்சென்று சமமாகிறது. கழற்றியதும் தகடு பழையபடி வளைந்துகொள்கிறது! தடிமன் எங்கும் ஒன்றாக இருக்கும், ஆனால் கத்தி வில்லாக இருக்கும்.

இதற்குப் பரிகாரம், வளைந்த இடத்தின் அடியில் காகிதத்தை மடித்துச் செருகி, காந்தம் இழுத்தாலும் தகடு வளையாதபடி தாங்கவைப்பது. முட்டுக் கொடுப்பது என்கிறோமே, அதுதான். ஒரு முகத்தில் கொஞ்சம் சமம் தெரிந்ததும் திருப்பிப் போடுங்கள். மறுபக்கமும் கொஞ்சம். மறுபடி திருப்புங்கள். ஒரே பக்கத்தில் ஒரேயடியாகத் தேய்த்தால் அந்தச் சூடே தகட்டை வளைத்துவிடும். பொறுமையில்லாதவர்களுக்கு இந்தக் கருவி ஒத்துவராது.

சூட்டைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். கடினமாக்கிய எஃகு தேய்க்கும்போது வைக்கோல் மஞ்சள் நிறம் காட்டினால் அங்கே சுமார் 220, 230 டிகிரி செல்சியஸ் ஏறிவிட்டது; நீலம் காட்டினால் ஏறத்தாழ 300. நீலம் பாய்ந்த விளிம்பு மெத்தென்று போய்விடும், கூர் தாங்காது. சாதாரண நியோடிமியம் காந்தமோ 80 டிகிரிக்கு மேல் தன் பலத்தையே இழக்கத் தொடங்கும். ஆகவே மோட்டாரின் வேகத்தை இன்வர்ட்டர் வைத்துக் குறைத்து, புதிய பெல்ட்டில், ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு கோட்டுக்கு மேல் போகாமல் தேய்க்க வேண்டும். மழுங்கிய பெல்ட்டை மிச்சம் பிடிப்பது கஞ்சத்தனம். அது வெட்டாது, சூடுதான் ஏற்றும். முதலில் 60 நம்பர், பிறகு 120, அதற்குமேல் வேண்டிய மெருகு. ஒவ்வொரு பெல்ட்டின் தடிமனும் வேறு என்பதால், மாற்றும்போதெல்லாம் திருகாணியைப் பின்னுக்கு எடுத்து, தீப்பொறி முதலில் தெரியும் இடத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். கடைசியில் திருகாணியைத் தொடாமல் பொறி அடங்கும்வரை நாலைந்து தடவை ஓட்டினால் முகம் அமைதியாக வரும்.

சமமாகிவிட்டதா என்று எப்படி அறிவது? மைக்ரோமீட்டரால் நான்கு மூலையும் நடுவும் அளந்து பாருங்கள். எல்லா இடமும் 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கத்தி வேலைக்குத் தாராளம். வளைவைப் பார்க்கத் தடித்த கண்ணாடித் தகடு போதும்: அதில் நீல மைப் பசையை மெல்லத் தடவி, இரும்பை வைத்துத் தேய்த்தால் மேடான இடத்தில் மட்டும் மை ஒட்டும். அந்தக் கண்ணாடியே சமம் என்று எப்படி நம்புவது என்று கேட்பவர்கள் உண்மையான தொழிற்காரர்கள். இயந்திரமே இல்லாத காலத்தில் மூன்று இரும்புத் தகடுகளை எடுத்து, ஒன்றோடொன்று மாற்றி மாற்றி ஒத்துப்பார்த்து, மேட்டைச் சுரண்டிச் சுரண்டி முழுச் சமதளத்தைக் கொண்டுவந்தார்கள். இரண்டு தகடு மட்டும் என்றால் ஒன்று குழியாகவும் மற்றது குவியாகவும் பொருந்தி ஏமாற்றிவிடும். மூன்றாவது வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஜோசப் விட்வர்த் என்ற ஆங்கிலேயர் 1840-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார்.

வீட்டார் கவனிக்க வேண்டியது

இரும்புத் தூள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் நிற்கும். முகக்கவசமும் கண்ணாடியும் போடாமல் மகனோ கணவரோ கிரைண்டர் முன் நின்றால், சோறு போடுவதை நிறுத்துங்கள் என்று சொல்ல மாட்டேன், சுவிட்சை நிறுத்துங்கள். அந்த உடையோடு குழந்தையைத் தூக்க விடாதீர்கள். சேலைத் தலைப்பு, நீண்ட கூந்தல், கழுத்துச் சங்கிலி, தொளதொளத்த சட்டைக்கை எதுவும் ஓடும் பெல்ட்டின் பக்கம் வரக் கூடாது.

அலுமினியத்தையும் இரும்பையும் ஒரே பெல்ட்டில், ஒரே தூள் வாளியில் தேய்க்கவே கூடாது. துருப்பிடித்த இரும்புத் தூளும் அலுமினியத் தூளும் கலந்த குவியலில் ஒரு பொறி விழுந்தால் தண்ணீர் ஊற்றியும் அணையாத நெருப்பு எழும். வாளியில் கொஞ்சம் தண்ணீர் வைத்து இரும்புப் பொறியை அதில் விழச் செய்வது வழக்கம். அலுமினியத் தூளை அந்த வாளியில் சேர்க்காதீர்கள். ஈரம் தெறிக்கும் இடமாதலால் மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் இல்லாத பிளக்கில் மோட்டாரைச் செருகாதீர்கள்.

பெரிய நியோடிமியம் கட்டிகள் இரண்டு எதிர்பாராமல் ஒட்டிக்கொண்டால் நடுவில் அகப்பட்ட விரல் நசுங்கிப்போகும். இருதயத்துக்குக் கருவி பொருத்திய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களை அந்தப் பக்கமே விடாதீர்கள். சிறுபிள்ளைகள் விளையாட ஒரு சில்லு காந்தத்தைக்கூடக் கொடுக்காதீர்கள். இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று தேடி ஒட்டிக் குடலையே துளைத்துவிடும். காந்தத்தில் ஒட்டாத சில சில்வர் வகைகளும் உண்டு. எவர்சில்வர் பாத்திரத் தகடு ஒட்டவில்லையே என்று கையால் பிடித்துத் தேய்க்க முயல வேண்டாம். பெல்ட் அதைப் பறித்து எறியும்.

வேலை முடிந்ததும் காந்தத் தகட்டில் படிந்த தூளைத் துணியால் துடைத்தால் போகாது. கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அந்த உருண்டையால் ஒற்றியெடுங்கள், வந்துவிடும். பிறகு முகத்தில் ஒரு துளி எண்ணெய். ரயிலுக்குத்தான் தூள் பெரிய பகை. பேரிங்குக்குள் எமரித் துகள் புகுந்தால் சில வாரத்தில் வண்டி ஆடத் தொடங்கும். பழைய மோட்டார் சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, ஒரு முனையை வண்டியிலும் மறுமுனையை அடித்தகட்டிலும் திருகிவிட்டால், வண்டியோடு சேர்ந்து மடங்கி விரிந்து ரயிலை மூடிக்கொள்ளும். டியூப் வெடித்தால் இன்னொன்று மாட்டுங்கள், சைக்கிள் கடையில் சும்மாவே கொடுப்பார்கள்.